டேட்டாபேஸில் எண்ணிக்கைகளைக் கூட்டுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்வைகள், விருப்பங்கள், கருத்துகள், கையிருப்பு என்று ஏதாவது ஒரு எண்ணை டேட்டாபேஸில் கூட்டிக் கழிக்காத மென்பொருள் அரிது. இது பற்றி என்னிடம் வரும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்து வைத்திருக்கிறேன்.

எல்லா இடத்திலும் ஒரே உதாரணம்தான். கட்டுரைகள் என்று ஒரு டேபிள், கட்டுரைக்கு ஒரு வரிசை (ரோ), அதில் பார்வை என்று ஒரு புலம். கருத்துகள் என்று இன்னொரு டேபிள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் (அதன் இயல்பான சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியுடன்) என்ற இரண்டு டேட்டாபேஸ்களையும் மனதில் வைத்துச் சொல்கிறேன். இரண்டும் வேறுபடும் இடத்தில் அதைக் குறிப்பிடுகிறேன்.

1. எண்ணிக்கையை ஏன் தனியாகச் சேமிக்கணும்? தேவைப்படும்போது கவுன்ட் போட்டா போதாதா?

பல சமயம் போதும். கவுன்ட் என்பது வரிசைகளை அப்போதே எண்ணிச் சொல்லும் கட்டளை. ஒரு கட்டுரைக்குச் சில நூறு கருத்துகள், கட்டுரை ஐடியின் மேல் ஒரு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) என்றால் கவுன்ட் வேகமாகவே வரும். அதைவிட முக்கியம், அது எப்போதும் சரியாக இருக்கும். சேமித்து வைத்த எண் ஒருநாள் நிஜத்திலிருந்து விலகக்கூடும். அதனால் முதலில் கவுன்ட்டில் தொடங்குங்கள், அளந்து பாருங்கள்.

கவுன்ட் மெதுவாவதற்குக் காரணம், அது வரிசைகளை (அல்லது இண்டெக்ஸை) உண்மையிலேயே நடந்து பார்த்து எண்ணுகிறது. ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் (முழுதாக நடக்கும் அல்லது நடக்காமலே போகும் கட்டளைத் தொகுப்பு) தெரியும் வரிசைகள் வேறு வேறாக இருக்கலாம் என்பதால் போஸ்ட்கிரெஸும் இன்னோடிபியும் ஒரே ஒரு மொத்தத்தை வைத்துக்கொள்ள முடியாது. மைஎஸ்க்யூஎல்லின் பழைய சேமிப்பு இயந்திரமான மைஐசாம் மொத்த வரிசை எண்ணிக்கையைத் தயாராக வைத்திருந்தது. அதைப் பார்த்துப் பழகியவர்கள்தான் இப்போது ஏமாறுகிறார்கள். லட்சக்கணக்கான வரிசைகள், எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தும் பக்கங்கள், தனித்தனி வரிசையாகப் பதியப்படாததால் எண்ண எதுவுமில்லாத பார்வைகள் இவற்றுக்குத்தான் தனி எண் தேவை.

2. செலக்ட் பண்ணி, கோடில் ஒன்று கூட்டி, திரும்ப அப்டேட் பண்றேன். எண்ணிக்கை குறைவா வருதே, ஏன்?

இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் 10 என்று படிக்கின்றன. இரண்டுமே 11 என்று எழுதுகின்றன. 12 ஆக வேண்டியது 11-இல் நிற்கிறது. சோதனையில் நீங்கள் ஒருவர்தான் சொடுக்குகிறீர்கள், அதனால் இது கண்ணில் படாது. கூட்டம் வந்ததும் படும்.

கூட்டலை டேட்டாபேஸிடமே விட்டுவிடுங்கள்: அப்டேட் கட்டுரைகள் செட் பார்வை = பார்வை + 1 வேர் ஐடி = 42. படிப்பது, கூட்டுவது, எழுதுவது எல்லாம் ஒரே கட்டளைக்குள் முடிந்துவிடும். ஓஆர்எம் (டேபிள் வரிசைகளைக் கோடில் பொருள்களாகக் காட்டும் நூலகம்) பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பொருளில் மதிப்பை மாற்றி சேவ் செய்தால் பெரும்பாலும் பழைய வழிதான் நடக்கும். பைத்தானின் ஜாங்கோவில் எஃப் எக்ஸ்பிரஷன் (கூட்டலை டேட்டாபேஸிடமே விடும் எழுத்துமுறை) இருப்பது இதற்காகத்தான். உங்கள் ஓஆர்எம் கடைசியில் அனுப்பும் எஸ்க்யூஎல் என்ன என்று ஒரு தடவையாவது பாருங்கள்.

3. டிரான்சாக்ஷனுக்குள்ளதானே எழுதியிருக்கேன், அப்புறம் எப்படித் தப்பாகும்? ஒற்றை அப்டேட் மட்டும் எப்படிப் பாதுகாப்பு?

டிரான்சாக்ஷனைத் தொடங்கும் பிகின், மாற்றங்களை உறுதியாக்கும் கமிட் இரண்டுக்கும் நடுவில் வைத்தால் மட்டும் போதாது. சாதாரண செலக்ட் வரிசையின் மேல் எந்தப் பூட்டும் போடாது. அதனால் ரீட் கமிட்டட் நிலையில் (ஒவ்வொரு கட்டளையும் அதுவரை கமிட் ஆனதைப் பார்க்கும் நிலை) இரண்டாம் கேள்வியில் சொன்ன இழப்பு டிரான்சாக்ஷனுக்குள்ளும் நடக்கும். இன்னோடிபியின் இயல்பான ரிப்பீட்டபிள் ரீட் நிலையிலும் (டிரான்சாக்ஷன் முழுக்க ஒரே தோற்றத்தைப் பார்க்கும் நிலை) அது சத்தமில்லாமல் நடக்கும்.

ஒற்றை அப்டேட் அந்த வரிசையைப் பூட்டுகிறது. இரண்டாவதாக வந்தவர் காத்திருந்து, முதலாமவர் கமிட் செய்த பிறகு புதிய மதிப்பின் மேல் கூட்டுகிறார். போஸ்ட்கிரெஸில் ரிப்பீட்டபிள் ரீட் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால் காத்திருந்தவருக்கு 40001 என்ற பிழை வரும். அவர் முழு டிரான்சாக்ஷனையும் மறுபடி ஓட்ட வேண்டும். செலக்ட் ஃபார் அப்டேட் போட்டுப் பூட்டிவிட்டுப் பிறகு எழுதுவதும் சரியான வழிதான். ஆனால் டேட்டாபேஸுக்குப் போய்வரும் அந்த இரண்டு பயணங்களுக்கும் பூட்டு நீடிக்கும். வெறும் கூட்டலுக்கு அது தேவையில்லை.

4. வரிசையே இன்னும் இல்லைன்னா? இருக்கான்னு பார்த்து, இல்லேன்னா இன்சர்ட், இருந்தா அப்டேட்னு எழுதணுமா?

வேண்டாம். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் வேறொருவர் நுழைந்துவிடுவார். நாள்வாரிப் பார்வைகளுக்கு (கட்டுரை ஐடி, தேதி) இரண்டையும் சேர்த்துப் பிரைமரி கீ (வரிசையைத் தனித்து அடையாளம் காட்டும் புலங்கள்) வையுங்கள். போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் இன்சர்ட் ஆன் கான்ஃபிளிக்ட் டூ அப்டேட் இருக்கிறது: வரிசை இல்லையென்றால் சேர்க்கும், இருந்தால் மாற்றும். மைஎஸ்க்யூஎல்லில் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட். தனித்தன்மை (யூனிக்) இண்டெக்ஸ் இல்லாமல் இவை வேலை செய்யாது.

இன்னொன்று: புலத்தின் இயல்பு மதிப்பு 0 என்றும், நல் (மதிப்பே இல்லாத நிலை) கூடாது என்றும் வைத்துவிடுங்கள். நல்லுடன் ஒன்றைக் கூட்டினால் நல்தான் வரும், எந்தப் பிழையும் வராது. அப்படியே, 32 பிட் முழு எண் 2,147,483,647 வரைதான் போகும். சந்தேகம் இருந்தால் பிக்இன்ட் வையுங்கள். வரிசைக்கு நான்கு பைட்தான் கூடுதல்.

5. கூட்டின பிறகு வந்த புது எண் வேணும். உடனே ஒரு செலக்ட் போடலாமா?

அந்தத் தனி செலக்டுக்கு முன்பே வேறொருவர் கூட்டியிருக்கலாம். போஸ்ட்கிரெஸில் அப்டேட்டின் முடிவில் ரிட்டர்னிங் சேருங்கள், மாறிய மதிப்பு அதிலேயே திரும்பி வரும். எஸ்க்யூஎல் சர்வரில் அவுட்புட். மைஎஸ்க்யூஎல்லில் அது இல்லை. செட் எண் = லாஸ்ட்_இன்சர்ட்_ஐடி(எண் + 1) என்று எழுதிவிட்டு, அதே இணைப்பில் செலக்ட் லாஸ்ட்_இன்சர்ட்_ஐடி() கேட்டால் உங்கள் இணைப்புக்குரிய மதிப்பு மட்டும் கிடைக்கும்.

6. கையிருப்பு இருக்கான்னு இஃப் போட்டுப் பார்த்துட்டுத்தான் கழிக்கிறேன். ஆனாலும் மைனஸ் ஆகுது.

இரண்டாம் கேள்வியின் அதே நோய்தான். நிபந்தனையையும் கட்டளைக்குள்ளேயே கொண்டுபோங்கள்: செட் இருப்பு = இருப்பு - 1 வேர் ஐடி = 42 அண்ட் இருப்பு >= 1. பிறகு எத்தனை வரிசைகள் மாறின என்று பாருங்கள். 1 என்றால் கிடைத்தது, 0 என்றால் தீர்ந்துவிட்டது. இதற்கு மேல், இருப்பு 0-க்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு செக் கட்டுப்பாடும் வைத்துவிட்டால், நாளைக்கு வேறு யாராவது நிபந்தனையை மறந்தாலும் டேட்டாபேஸ் விடாது.

7. சீக்வென்ஸ், ஆட்டோ இன்கிரிமென்ட் எல்லாம் எண்ணத்தானே செய்யுது? அதையே வச்சுக்கலாமா?

அவை புதிய வரிசைகளுக்குத் தனித்துவமான எண்ணைத் தருவதற்கு மட்டும். டிரான்சாக்ஷன் ரோல்பேக் (ரத்து) ஆனாலும் எடுத்த எண் திரும்பாது, அதனால் இடைவெளிகள் வரும். அந்த விட்டுக்கொடுப்பினால்தான் அவை யாரையும் காக்கவைக்காமல் வேகமாக இருக்கின்றன. எத்தனை நடந்தது என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. இடைவெளியே இல்லாத தொடர் எண் வேண்டுமென்றால் பூட்டுடன் கூடிய சாதாரண எண்ணிதான் (எண்ணிக்கையை வைத்திருக்கும் வரிசைதான்) வழி. அதன் விலை அடுத்த கேள்வியில் இருக்கிறது.

8. ஒரு கட்டுரை திடீர்னு பிரபலமானா தளமே நின்னுடுது. ஒரே ஒரு வரிசையை மாத்த ஏன் இவ்வளவு நேரம்?

மாற்றுவதற்கு நேரமில்லை, காத்திருப்பதற்குத்தான் நேரம். மூன்றாம் கேள்வியில் சொன்ன பூட்டு, அப்டேட் முடிந்ததும் விடுபடுவதில்லை. கமிட் ஆகும்வரை இருக்கும். அப்டேட்டிலிருந்து கமிட் வரை 5 மில்லிசெகண்ட் ஆனால், அந்த ஒரு வரிசையை ஒரு செகண்டில் 200 தடவைக்கு மேல் மாற்ற முடியாது. எத்தனை சிபியு வாங்கிப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. காத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு இணைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதால் கனெக்ஷன் பூல் (தயாராக வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) காலியாகி, அந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமே இல்லாத பக்கங்களும் நின்றுபோகும். சிபியு சும்மா இருக்கும், தளம் மட்டும் நகராது.

அதனால் முதல் வேலை, பூட்டு இருக்கும் நேரத்தைக் குறைப்பது. எண்ணிக்கை அப்டேட்டை டிரான்சாக்ஷனின் கடைசி வரியாக வையுங்கள் (பத்தாம் கேள்வியில் ஒரு விதிவிலக்கு வருகிறது). அதற்கும் கமிட்டுக்கும் நடுவில் மின்னஞ்சல் அனுப்புவது, வெளிச் சேவையை அழைப்பது எதுவும் கூடாது. 300 மில்லிசெகண்ட் எடுக்கும் ஒரு அழைப்பு நடுவில் இருந்தால், செகண்டுக்கு 3 என்ற நிலைக்கு இறங்கிவிடுவீர்கள். நான் பார்த்த தேக்கங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்தன. கீழே வரும் பெரிய ஏற்பாடுகளை அதற்கு முன் தொட வேண்டாம்.

கமிட்டில் நேரம் போவது டிஸ்கில் எழுதி உறுதிசெய்வதற்கு. பார்வைகள் போன்ற எண்களுக்கு மட்டும் போஸ்ட்கிரெஸில் சிங்க்ரனஸ் கமிட்டை (டிஸ்கில் எழுதும்வரை காத்திருக்கும் ஏற்பாடு) அந்த டிரான்சாக்ஷனுக்கு அணைத்துவைக்கலாம். சர்வர் விழுந்தால் கடைசி ஒரு செகண்டுக்கும் குறைவான கமிட்டுகள் போகலாம், ஆனால் டேட்டா சிதையாது. பணம், கையிருப்புக்கு இதைச் செய்யாதீர்கள்.

9. பார்வைப் புலம் கட்டுரைகள் டேபிள்லயே இருக்கட்டுமா, தனி டேபிளா?

அடிக்கடி மாறுமென்றால் தனி டேபிள். கட்டுரை ஐடி, எண்ணிக்கை என்று இரண்டே புலங்கள் போதும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் வரிசையின் புதிய பிரதியை எழுதுகிறது. பழையதை வாக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து அகற்ற வேண்டும். நாற்பது புலங்கள் உள்ள வரிசையில் ஒரு எண்ணை மாற்றினாலும் வரிசை மறுபடி எழுதப்படும் (டோஸ்ட் என்ற தனி இடத்தில் வைக்கப்பட்ட பெரிய உரைகள் மட்டும் தப்பிக்கும்). ஒல்லியான வரிசையில் இந்தச் செலவு சிறியது.

8.3 பதிப்பில் வந்த ஹாட் அப்டேட் வசதியால், அதே 8 கேபி பக்கத்தில் இடம் இருந்து, இண்டெக்ஸ் உள்ள புலம் எதுவும் மாறாவிட்டால், இண்டெக்ஸ்களைத் தொடாமலே வேலை முடியும். ஃபில்ஃபாக்டர் (பக்கத்தை எத்தனை சதவீதம் நிரப்பலாம் என்ற அமைப்பு) இயல்பாக 100. எண்ணி டேபிளுக்கு 50 அல்லது 70 என்று குறைத்தால் இடம் கிடைக்கும். ஆனால் எண்ணிக்கைப் புலத்தின் மேலேயே இண்டெக்ஸ் வைத்தால் இந்த நன்மை போய்விடும். அதிகம் பார்க்கப்பட்டவை என்ற பட்டியலுக்காக அதை வைப்பவர்கள் உண்டு. அந்தப் பட்டியலைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தனியாகக் கணக்கிட்டு வைப்பது நல்லது.

மைஎஸ்க்யூஎல்லில் வேறொரு தொல்லை. திருத்திய நேரம் என்ற புலம் தானாக மாறும்படி வைத்திருந்தால், யாரோ கட்டுரையைப் படித்ததற்கே அது மாறும். ஓஆர்எம்மின் வெர்ஷன் புலமும் (நடுவில் வேறொருவர் திருத்தினாரா என்று கண்டறியும் எண்) அப்படித்தான். எண்ணிக்கை கூடும்போது அதுவும் ஏறினால், கட்டுரையைத் திருத்திக்கொண்டிருப்பவருக்குச் சேமிக்கும்போது முரண் என்று பிழை வரும்.

10. கருத்தை இன்சர்ட் பண்ணிட்டு எண்ணிக்கையைக் கூட்டினா டெட்லாக் வருது. ரெண்டே வரி கோடுதான்!

மைஎஸ்க்யூஎல்தானே? கருத்துகள் டேபிளுக்கு ஃபாரின் கீ (அந்தக் கட்டுரை உண்மையில் இருக்கிறதா என்று சரிபார்க்கும் இணைப்பு) இருந்தால், இன்சர்ட் செய்யும்போது இன்னோடிபி கட்டுரை வரிசையின் மேல் ஒரு பகிர்வுப் பூட்டு போடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கருத்து எழுதினால் இருவரிடமும் பகிர்வுப் பூட்டு இருக்கும். அடுத்த வரியில் இருவரும் அதே வரிசைக்குத் தனிப்பூட்டு கேட்கிறார்கள். ஒருவர் விடும்வரை மற்றவர் நகர முடியாது, இதுதான் டெட்லாக். டேட்டாபேஸ் ஒருவரை வெளியேற்றுகிறது. போஸ்ட்கிரெஸில் 9.3 முதல் ஃபாரின் கீ சரிபார்ப்பின் பூட்டும் சாதாரணப் புலத்தை மாற்றும் பூட்டும் மோதாது, அதனால் அங்கே இது வராது.

தீர்வு இரண்டு. எண்ணிக்கையை முதலில் கூட்டி, பிறகு இன்சர்ட் செய்யலாம். எட்டாம் கேள்வியில் சொன்ன விதிவிலக்கு இதுதான், பூட்டு கொஞ்சம் நீளும். இல்லையென்றால் ஒன்பதாம் கேள்வியில் சொன்ன தனி டேபிள். ஃபாரின் கீ பூட்டு கட்டுரை வரிசையில், எண்ணிக்கைப் பூட்டு வேறு வரிசையில். அப்போது கூட்டலைக் கடைசியிலேயே வைக்கலாம். எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஒரே டிரான்சாக்ஷனில் பல எண்ணிகளை மாற்றுபவர்களுக்கு இன்னொரு டெட்லாக் உண்டு. ஒருவர் 7, 9 என்றும் மற்றவர் 9, 7 என்றும் போவதால் வருவது. ஐடியை ஏறுமுகமாக அடுக்கிவிட்டு மாற்றுங்கள், தீர்ந்தது.

11. ஒரே எண்ணைப் பல வரிசையாப் பிரிச்சு வைக்கலாம்னு சொல்றாங்களே, அது எப்படி?

எண்ணி டேபிளில் கட்டுரை ஐடியுடன் ஒரு துண்டு எண்ணையும் சேர்த்துப் பிரைமரி கீ ஆக்குங்கள். கூட்டும்போது 0 முதல் 15 வரை ஏதோ ஒரு துண்டைத் தற்செயலாகத் தேர்ந்து, நான்காம் கேள்வியின் முறையில் கூட்டுங்கள். படிக்கும்போது துண்டுகளின் சம் (கூட்டுத்தொகை) எடுங்கள். வங்கியில் ஒரு கவுன்ட்டருக்குப் பதிலாகப் பதினாறு கவுன்ட்டர்கள் திறந்த மாதிரி, காத்திருப்பு பிரிந்துவிடும். எண்ணும் துல்லியமாகவே இருக்கும்.

பதினாறு என்பது ஒரு தொடக்கம்தான். பத்து பேர்தான் ஒரே நேரத்தில் மோதுகிறார்கள் என்றால் நூறு துண்டுகள் வீண், படிக்கும் செலவுதான் கூடும். கையிருப்புக்கு இது சரிவராது. ஒரு துண்டில் 0, இன்னொன்றில் 3 என்று இருக்கும்போது ஆறாம் கேள்வியின் நிபந்தனை தவறாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்லும். மற்ற துண்டுகளையும் முயலும்படி எழுத வேண்டியிருக்கும்.

12. அப்டேட்டே வேண்டாம்னு, ஒவ்வொரு பார்வையையும் இன்சர்ட் பண்ணிட்டு அப்புறம் தொகுத்தா?

நல்ல வழி. இன்சர்ட்கள் ஒன்றையொன்று தடுக்காது. ஒரு வேலை சில செகண்டுகளுக்கு ஒருமுறை வந்து கட்டுரை வாரியாகக் கூட்டி எண்ணியில் சேர்க்கும். ஆயிரம் அப்டேட்டுகள் ஒன்றாகிவிடும். உடனடித் துல்லியம் வேண்டுமென்றால் எண்ணியின் மதிப்புடன் இன்னும் தொகுக்காதவற்றின் எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டலாம்.

இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. கடைசியாகத் தொகுத்த ஐடி 102, அடுத்த முறை 102-க்கு மேல் எடு என்று எழுதுவார்கள். ஐடி கொடுக்கப்படுவது இன்சர்ட்டின்போது, மற்றவர்களுக்குத் தெரிவது கமிட்டின்போது. 101 எடுத்த டிரான்சாக்ஷன் மெதுவாக இருந்து, 102 முதலில் கமிட் ஆனால், 101 யார் கணக்கிலும் வராமல் போய்விடும். கடைசி ஐடி என்ற அடையாளத்தை நம்பாதீர்கள். ஒரே டிரான்சாக்ஷனில் வரிசைகளை டெலீட் செய்து, டெலீட் ஆனவற்றை மட்டும் எண்ணிச் சேருங்கள். போஸ்ட்கிரெஸில் டெலீட் ரிட்டர்னிங். மைஎஸ்க்யூஎல் 8.0-இல் செலக்ட் ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு (ஏற்கனவே பூட்டிய வரிசைகளைத் தாண்டிப்போகும்) மூலம் ஐடிகளை எடுத்து, அதே ஐடிகளை டெலீட் செய்யலாம். ஸ்கிப் லாக்டு இருந்தால் பல தொகுப்பு வேலைகளும் ஒன்றோடொன்று மோதாமல் ஓடும்.

13. ரெடிஸ்ல எண்ணிட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை டேட்டாபேஸ்ல கொட்டலாமா?

ரெடிஸ் என்பது நினைவகத்தில் இயங்கும் வேகமான சேமிப்பகம். இழந்தாலும் பரவாயில்லை என்ற எண்களுக்குத் தாராளமாக. எடுத்துவிட்டு 0 ஆக்குவது என்று இரண்டு படிகளாக எழுதினால் நடுவில் கூடியவை காணாமல் போகும். கீயை ரீநேம் செய்து ஒரு தொகுதிப் பெயர் கொடுங்கள். டேட்டாபேஸ் டிரான்சாக்ஷனில் எண்ணிக்கையைக் கூட்டும்போதே அந்தத் தொகுதிப் பெயரையும் தனித்தன்மை உள்ள ஒரு டேபிளில் இன்சர்ட் செய்யுங்கள். கமிட் ஆன பிறகு கீயை அழியுங்கள். நடுவில் எது விழுந்தாலும் மறுபடி ஓட்டலாம். ஏற்கனவே கூட்டிய தொகுதி என்றால் இன்சர்ட் தோற்று, இரண்டாம் முறை கூட்டப்படாது. ரெடிஸே விழுந்து போவதை இது தடுக்காது.

14. டிரிகர் போட்டுட்டா மறக்காம அதுவே கூட்டிக்குமே?

கூட்டும். டிரிகர் என்பது வரிசை மாறும்போது டேட்டாபேஸ் தானே ஓட்டும் கோடு. பல இடங்களிலிருந்து எழுதும் மென்பொருளுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் டிரிகரும் அதே அப்டேட்டைத்தான் செய்கிறது. எட்டு, பத்து இரண்டிலும் சொன்னவை அப்படியே பொருந்தும், கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதால் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வரிசைக்கு ஒரு தடவை ஓடும் டிரிகர், 10,000 கருத்துகளை ஒரே கட்டளையில் அழிக்கும்போது 10,000 அப்டேட்டுகளைச் செய்யும். போஸ்ட்கிரெஸ் 10 முதல் கட்டளைக்கு ஒரு தடவை ஓடும் டிரிகரில் மாறிய எல்லா வரிசைகளையும் சேர்த்துப் பார்க்க முடியும்.

தப்பிக்கும் வழிகளும் உண்டு. டேபிளை மொத்தமாகக் காலிசெய்யும் டிரன்கேட், வரிசை டிரிகர்களை எழுப்பாது. மைஎஸ்க்யூஎல் 8.0-இல் ஃபாரின் கீ கேஸ்கேட் மூலம் (கட்டுரையை அழித்தால் கருத்துகளும் தானாக அழிவது) அழியும் வரிசைகளுக்கும் டிரிகர் ஓடாது.

15. ஒருத்தர் ஒரு தடவைதான் விருப்பம் போட்டார், ரெண்டுன்னு காட்டுதே?

கமிட் ஆன பிறகு பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தால், கிளையன்ட் மறுபடி முயலும். கூட்டல் என்பது மறுபடி செய்தால் மறுபடி கூடும் வேலை. விருப்பங்கள் டேபிளில் (பயனர், கட்டுரை) தனித்தன்மையாக வைத்து, இன்சர்ட் உண்மையிலேயே ஒரு வரிசையைச் சேர்த்தால் மட்டும், அதே டிரான்சாக்ஷனில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். விருப்பத்தை நீக்கும்போதும் டெலீட் எத்தனை வரிசைகளை அழித்தது என்று பார்த்துக் கழியுங்கள்.

16. எண்ணிக்கை தப்பாயிடுச்சு. தளத்தை நிறுத்தாம எப்படிச் சரிசெய்யறது?

கவுன்ட் எடுத்து, அதை அப்படியே எண்ணியில் எழுதுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எடுப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் வந்த கருத்துகள் அழிந்துபோகும், இரண்டாம் கேள்விக்கே திரும்பிவிடுவோம். சரியான முறை: ரீட் கமிட்டட் நிலையில் டிரான்சாக்ஷனைத் தொடங்கி, முதலில் எண்ணி வரிசையை செலக்ட் ஃபார் அப்டேட் மூலம் பூட்டுங்கள். அடுத்து, தனிக் கட்டளையாகக் கவுன்ட் எடுங்கள். மதிப்பை எழுதி கமிட் செய்யுங்கள். கருத்து சேர்க்கும் ஒவ்வொரு டிரான்சாக்ஷனும் அதே எண்ணியைத் தொட்டாக வேண்டும் என்பதால், ஏற்கனவே கமிட் ஆனவை உங்கள் கவுன்ட்டில் வரும். இன்னும் ஆகாதவை உங்களுக்குப் பிறகு தாமே கூட்டிக்கொள்ளும். பூட்டும் கவுன்ட்டும் ஒரே கட்டளையாக இருந்தால் இது உறுதியில்லை, பூட்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் வந்தவை கவுன்ட்டில் விடுபடலாம்.

ஒரு டிரான்சாக்ஷனுக்கு ஒரு கட்டுரை என்று போங்கள். எல்லாக் கட்டுரைகளையும் ஒரே டிரான்சாக்ஷனில் திருத்தினால் பூட்டுகள் கடைசிவரை சேர்ந்துகொண்டே போகும். திருத்தும்போது பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் ஒரு டேபிளில் குறித்துவையுங்கள். வித்தியாசம் எப்போதும் ஒரே திசையில், ஒரே மாதிரிக் கட்டுரைகளில் வந்தால், கோடில் எந்த இடம் எண்ணியைத் தொடாமல் கருத்தைச் சேர்க்கிறது அல்லது அழிக்கிறது என்று அந்தக் குறிப்புகளே காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் அது யாரோ நேரடியாக ஓட்டிய ஒரு டெலீட், அல்லது மொத்தமாக இறக்குமதி செய்யும் ஒரு பழைய ஸ்கிரிப்ட்.